அவர் தொடாமலே அணைந்தது

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் கம்ப்யூட்டர் நடுவில் அணைந்துவிட்டது. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, ஐந்து மாதமாக என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். வலது கை இன்னும் வழங்கவில்லை. இடது கையால் டைப் பண்ணிப் பழகச் சொன்னார்கள், இரத்தினபுரி ஆஸ்பத்திரியில். பழகினால்தான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பழையபடி கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. அதுவரை அடித்ததெல்லாம் போய்விட்டது. நான் அடுப்படியிலிருந்தே, "கை எங்கயாச்சும் பட்டிருக்கும், பாத்து அடிங்க" என்றேன்.

மார்ச் 6
கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டார். கேட்டால் தலைவலியாம்.

மார்ச் 7
இன்றுதான் சொன்னார். "இந்த இடது கையும் இனி எதுக்கும் ஆகாது ஜீவா. பட்டாலே நின்னு போகுது."
ஐயோ, நான்தானே சொன்னேன். யோசிக்காம ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9, ஞாயிறு
அவர் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணனிடம் பேசப் போயிருந்தார். நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். வயரை அழுத்திச் சொருகினேன். வேறு பிளக்கில் மாற்றினேன். பிறகு எதையும் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டாம் நிமிஷம் பட்டென்று அணைந்தது! மறுபடி போட்டால் ஆறே நிமிஷம். பெட்டி தோசைக்கல் மாதிரி சுட்டது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் – சாமான் பழுதானதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா?
அவர் வந்ததும் எதிரே உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அணைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"நான் தொடவே இல்லியே."
"அன்னைக்கும் நீங்க இல்லைங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

மார்ச் 11
பெட்டியைப் பெட்ஷீட்டில் கட்டி, பஸ்ஸில் கஹவத்தை டவுனுக்குக் கொண்டுபோனோம். கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்காரர், றம்ஸீன் நானா என்பார்கள், மூடியைக் கழற்றினார். உள்ளே ஃபேன் தூசி அடைத்துச் சுற்றாமல் நின்றிருந்தது. "சூடு கூடினா தானா நிண்டுரும் தங்கச்சி. உள்ளுக்கு எரிஞ்சு போகாம இருக்கத்தான்" என்றார். புது ஃபேன் போட்டார். சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் படும்படி வைக்கச் சொன்னார்.

மார்ச் 12
இரண்டு மணி நேரம் ஓடியது. அணையவில்லை. இவரும் எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

மார்ச் 29
வேலைக்குத் திரும்பக் கேட்டு, தோட்டத்தை நடத்தும் தொரைக்குக் கடிதம். மூன்று நாளாக அவரே அடித்தார். ஒரு பிழை என் கண்ணில் பட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரே கண்டுபிடித்துத் திருத்தினார்.

ஏப்ரல் 28, திங்கள்
தொரை வரச் சொன்னபடி காலையில் ஆபீசுக்குப் போனார். சட்டைப் பட்டனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. சோறு கட்டிக் கொடுத்தேன். வளைவு திரும்பும்வரை வாசலில் நின்றேன்.
வீட்டைக் கூட்டினேன். துணி காயப்போட்டேன். மணி பன்னிரண்டரை ஆனதும் இரண்டு தட்டில் சோறு போட்டுவிட்டு, அவரைக் கூப்பிட வாயெடுத்தேன்.