ஏழு மலை ஏறியவளின் கதையை அனுப்பிய உம்மாவுக்கு

என் கண்ணான உம்மா,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் நாற்பது நாளாகிறது. வாப்பா சுகம். இந்தக் கிழமை சாய்ந்தமருதுக் கரையில் கீரி மீன் நன்றாகப் படுகிறது.

தோணி புரண்டு வாப்பாவின் கால் நசுங்கிய வருஷம், நீங்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. "பொண்டாட்டிய உழைக்க அனுப்பின ஆம்புள நான்" என்று சொல்லிவிட்டு வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்தார். பிறகு யாரோடும் கதைக்கவில்லை. அதை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் உங்கள் குரலைப் பதிந்து ஒரு கசட் அனுப்பினீர்கள்.

உங்களோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ரோசா சொன்ன கதை அதில் இருந்தது. அவளுடைய மலையூரில் நெல்லறுக்கும் பெண்கள் நாட்கணக்காகப் பாடும் பழங்காவியமாம். தான் விரும்பியவளைத் தூக்கிப்போக வந்த கூட்டத்தோடு ஒரு வீரன் தனியாக மோதி விழுகிறான்.

"செத்துட்டான் என்டு எல்லாரும் திரும்பிட்டாங்க மகள். அவள் மட்டும் வெத்திலையும் பாக்கும் எடுத்துக்கிட்டு ஏழு மலை ஏறினாள்..."

அதோடு கசட் முடிந்துவிட்டது.

வாப்பா இந்தப் பக்கம் திரும்பினார். "அவள் போய்ச் சேந்தாளா புள்ள?"

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட குரல் உம்மா!

"எனக்குத் தெரியா வாப்பா. நீங்கதான் உம்மாக்கிட்டக் கேக்கணும்."

எழும்பி உட்கார்ந்து, ரெக்கோடரைக் கிட்ட இழுத்துப் பதிவுப் பொத்தானை அமுக்கினார். "மிச்சத்தச் சொல்லுகா. நான் கேட்டுக்கிட்டு இரிக்கன்."

மறு கசட்டில் அவள் போய்ச் சேர்ந்தாள். வெற்றிலையை மென்று அவன் நெஞ்சில் வைத்துப் பெயர் சொல்லி அழைத்தாள். உயிர்த்து எழுந்தவன், ஒரு பெண் வந்து காப்பாற்றினாளே என்று தலைகுனிந்தான். "இதுல வெக்கப்பட என்ன இரிக்கி? நீ விழுந்தா நான் வருவன், நான் விழுந்தா நீ வா" என்றாளாம். அது ரோசாவின் கதையில் உள்ளதா, நீங்கள் சேர்த்ததா?

அடுத்த கிழமை வாப்பா கம்பூன்றிக் கரைக்குப் போய், கிழிந்த வலை தைக்க உட்கார்ந்தார்.

இரண்டு வருஷத்தில் நீங்கள் திரும்பினீர்கள். "அங்க சுகமா இரிந்தன்" என்றீர்கள். அடக்குவதற்குமுன் உங்கள் மையத்தைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகைக் கண்டேன். அயன் பெட்டியின் முனை பதிந்த இரண்டு சூட்டு வடு. அந்தக் கொடுமைக்குள் இருந்துகொண்டா எங்களுக்குக் கதை சொன்னீர்கள்?

வாப்பாவிடம் கேட்டேன். "வந்த அண்டைக்கே காட்டிட்டா. புள்ளைக்குச் சொல்லாதீங்க என்டா. புண் ஆறுமட்டும் நான்தான் மருந்து போட்டன்" என்று சொல்லி அழுதார்.

உம்மா, நம் ஒழுங்கையில் மூன்று பெண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்திருக்கிறார்கள். "உங்கட உம்மா அங்க எப்படி இரிந்த?" என்று நேற்று வந்து கேட்டார்கள். நாளைக்கு நானே அவர்களிடம் போவேன். நீங்கள் மறைத்ததை மறைக்காமல் சொல்வேன். கோபிக்காதீர்கள்.

வாப்பாவைத் தனியே விடாத
உங்கள் ஒரே மகள்