காயம் என்று சொல்லப்பட்ட உன் ஆட்டம்

நேற்று கிளப்பில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஆளைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அதே ஷேவிங் லோஷன். உலகப் போட்டிக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போன மேனேஜர்தான். தலை நரைத்து, கைத்தடி பிடித்திருக்கிறார். லோஷனை மட்டும் மாற்றவில்லை. "நல்லாருக்கியா அம்மணி?" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து வேறு வரிசையில் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஸ்குவாஷ் என்றால் குடிக்கிற ஜூஸ் என்று நினைத்து "ஆரஞ்சுங்களா, எலுமிச்சைங்களா?" என்று கேட்பார்கள். நான்கு சுவருக்குள் இரண்டு பேர் ஒரு சின்ன ரப்பர் பந்தை அடித்து விளையாடும் ஆட்டம் என்று சொன்னால், அதற்கு எதற்கு ரூம் என்பார்கள். கிளப்பில் ஒரே ஒரு கோர்ட். மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆடுவோம். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்த உன் அப்பா உறுப்பினரானதும் நீயும் வந்தாய்.

அப்போது அந்த மேனேஜர்தான் கிளப்பின் விளையாட்டுச் செயலாளர். "இப்பெல்லாம் கோர்ட்ல கோழி வாசம் அடிக்குது" என்பார், உன் காதில் விழும்படி. நீ மரியாதை குறையாமல், "மோந்து பாக்குற அளவுக்கு எதுக்குங்க பக்கத்துல வாரீங்க?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். அவர் அதை மறக்கவே இல்லை.

பெண்கள் உலகக் குழுப் போட்டிக்கு இந்திய அணியில் உன்னையும் என்னையும் எடுத்தபோது, அவரே மேனேஜராகவும் வந்து சேர்ந்தார். மனைவி, பிள்ளைகள் சகிதம். அணியில் நான்கு பேர். ஒரு நாட்டோடு ஒரு மோதல் என்றால் மூன்று ஆட்டம், ஆளுக்கு ஒன்றாக மூன்று பேர்தான் ஆட முடியும். முதல் நாளிலிருந்தே ஆடாமல் வெளியே உட்கார்ந்தவள் நீ. எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கினாய். அவருடைய மனைவி கடைக்குப் போனால் ஹோட்டல் அறையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாய். "நாளைக்கு நீதான் கண்ணு ஆடற" என்று தினமும் சொன்னார். நீயும் தினமும் ஷூவைத் துடைத்து வைத்தாய்.

கடைசி நாளில் ஒருவழியாக மூன்றாவது ஆட்டத்துக்கு உன் பெயரைக் கொடுத்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். அதில் ஒன்று என்னுடையது. மோதல் கைவிட்டுப் போயிற்று, ஆனாலும் மூன்றாவது ஆட்டம் பாக்கி இருந்தது. நீ உள்ளே போய், பந்து நன்றாகத் துள்ளுவதற்காக அதை அடித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாய். எதிராளி ஒரு நெட்டைப் பெண், அவளும் தயார். அப்போதுதான் அவர் ரெஃப்ரியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். ரெஃப்ரி கதவைத் திறந்து, உனக்குக் கணுக்காலில் காயம் என்று உன் மேனேஜர் சொல்கிறார், ஆட்டம் எதிரணிக்கு என்று அறிவித்தார்.

"ஏனுங்க சார், எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்று வெளியே வந்தாய்.

"தோத்துப்போன மோதல்தானே கண்ணு. ஊர் சுத்திப் பாக்குற பஸ் கிளம்பிரும். குழந்தைங்க ஆசையா இருக்குதுங்க" என்றார். சொல்லிக்கொண்டே வேர்க்கடலை தின்றார். அந்த வாய் அசைவு இன்னும் எனக்கு மறக்கவில்லை. நீ ரெஃப்ரியிடம் கெஞ்சினாய். மேனேஜர் சொன்னால் சொன்னதுதான் என்றார் அவர்.

அழுவாய் என்று நினைத்தேன். நீ நேரே அந்த நெட்டைப் பெண்ணிடம் போய், உனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "என் கால் நல்லா இருக்கு, என்னோட ஆடுவியா?" என்று கேட்டாய். அவள் உன் காலைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள், பயிற்சிக் கோர்ட் பக்கம் நடந்தாள். "பஸ்ஸுக்கு நீ போ அம்மணி, நான் ஆடிப்போட்டு வாரேன்" என்றாய் என்னிடம். நான் போகவில்லை. சுவர் ஓரம் நின்று ஸ்கோர் சொன்னேன். அவள் உனக்கு இரக்கம் காட்டவில்லை. மூலைக்கு மூலை ஓடவிட்டாள். மூன்று கேம் அவள் ஜெயித்தாள்; ஒரு கேமை நீ பிடுங்கினாய். வெளியே வந்தபோது உன் பனியன் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

ஊர் திரும்பியதும் அந்த ஆள், "பண்ணைப் பொண்ணு, கூட்டத்தப் பாத்ததும் காலு வலிக்குதுன்னிருச்சு" என்று கிளப் முழுக்கப் பரப்பினார். நீ சண்டைக்குப் போகவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து அந்தக் கிளப் காப்பி தொண்டையில் இறங்குவதில்லை.

நேற்று அவர்தான் முதலில் பேசினார். "காயத்தோட தவிச்ச அந்தக் குழந்தையை நான்தான் தேத்துனேன்" என்று கண்ணைத் துடைத்தார். உன் படத்துக்கு முன்னால், மாலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

நான் எழுந்தேன். "அவ காலுக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஊர் சுத்தற பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவ ஆட்டத்தை விட்டுக் குடுத்தது நீங்க" என்றேன்.

"உனக்கும் வயசாச்சுல்ல அம்மணி, ஞாபகம் தடுமாறும்" என்று சிரித்தார். சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பிறகு போண்டா வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் உன் மகன் ஓடி வந்தான். "அம்மா எங்ககிட்ட இதைச் சொன்னதே இல்லைங்க அத்தை. அப்ப அம்மா அன்னிக்கு ஆடவே இல்லீங்களா?"

"ஆடினா கண்ணு. தோத்தா. ஆடித் தோத்தா" என்றேன். ஒரு கேமை எப்படி ஜெயித்தாய் என்று கேட்டான். வண்டி மீது சாய்ந்துகொண்டு பந்துக்குப் பந்து சொன்னேன்.

மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். அந்த ஆட்டம் எந்தப் பதிவிலும் இல்லை. அதற்கு ஸ்கோர் சொன்ன வாய் என்னுடையது. இனி யார் சேலையைப் பிடித்து இழுத்தாலும் அதை மூடுவதாக இல்லை.