எண்பது டிகிரி தண்ணீர்

4-3-92, புதன்
பாய்லர் தண்ணீர் ஊற்றிய ஆய்வகத் தட்டில் இந்த முறையும் நுண்ணுயிர் ஒன்றும் வளரவில்லை. ஆறாவது தடவை. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கஜபதி சார் கறாராகச் சொல்லிவிட்டார்: "எண்பது டிகிரியில எந்த உயிர்ம்மா பிழைக்கும்? தலைப்பை மாத்து. இல்லேன்னா ஏப்ரல் கமிட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வளரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? ஜீன் புரோப் என்கிற டி.என்.ஏ. துண்டுக்கு வளர்க்கவே வேண்டாமே. அந்த உயிரின் டி.என்.ஏ. இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் புள்ளி விழும். மாற்ற மாட்டேன்.

14-3, சனி
புரோபில் ஏற்றும் கதிரியக்க பாஸ்பரஸ் பம்பாயிலிருந்து வந்துவிட்டது. பதினாலு நாளில் பாதி வீரியம் போய்விடும். அப்பா தன் கம்பெனி பாய்லரின் வெந்நீர் வாய்க்காலில் ஒரு பாட்டில் பிடித்து வந்தார். திங்கள் முதல் பாய்லர் ஒரு மாதம் பழுதுபார்ப்பில். இதுதான் கடைசிப் பாட்டில்.

15-3
அம்மா அதைக் கொதிக்க வைத்துவிட்டாள்!

ஆவடியில் எங்கள் சேக்காடு முழுக்க மஞ்சள் காமாலை. எந்தத் தண்ணீரையும் அவள் சும்மா விடுவதில்லை. "கலங்கலா கீதேன்னு பத்து நிமிசம் கொதிக்க உட்டேன். இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறே?"

கத்தினேன். அழுதேன். சாப்பிடலை.

16-3
உள்ளே இருந்த உயிர் செத்தால் என்ன? நான் வளர்க்கப் போகிறேனா? பத்து நிமிஷத்தில் டி.என்.ஏ. மொத்தமும் அழிந்துவிடாது.

ஒப்பிட, அதே குண்டானில் குழாய்த் தண்ணீரையும் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "மாதிரி வீட்டுச் சமையலறையில் கொதிக்கவைக்கப்பட்டது." சார் பார்த்துவிட்டு, "அடிச்சிடும்மா, கமிட்டி சிரிக்கும்" என்றார்.

அடிக்க மாட்டேன். சிரிக்கட்டும்.

23-3
பிலிம் கழுவினேன். குழாய்த் தண்ணீர் வைத்த இடம் வெறுமை. பாய்லர் தண்ணீர் வைத்த இடத்தில் புள்ளி. கறுப்பு. நல்ல கறுப்பு!

"ஒரே ஒரு புள்ளி. எதுல வேணா ஒட்டியிருக்கும்" என்றார் சார். "அடுத்த பாட்டிலை நீங்களே வந்து பிடிங்க சார்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வருத்தமில்லை.

10-4
அடுத்த பாட்டிலைத் தானே வந்து பிடிப்பதாகச் சொல்லி, சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். கமிட்டியில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் இன்னொரு சாம்பிளிலும் செய்து காட்டச் சொன்னார்கள்.

18-4, சனி
சார் ரயிலேறி ஆவடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, பாய்லர் வாய்க்காலில் கை சுடச் சுட அவரே பிடித்தார். வீட்டில் அம்மா காபி நீட்டினாள். ஒரு கையில் டம்ளர், மறு கையில் பாட்டில். கீழே வைக்கவே இல்லை.

"குடுங்க சார், நான் வச்சிக்கிறேன்."

"வேணாம்மா. நம்ம சாம்பிள்."

நம்ம!

திருத்தாமல் விட்டேன். இன்றைக்கு மட்டும்.