தர்ஷினியின் விண்ணப்பமும் என் பொய்யும்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடமும் சில வாரங்களும் ஆகின்றன. உனக்குக் கடிதம் எழுதியோ இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். போன் வந்த பிறகு நாம் இரண்டு பேருமே சோம்பேறிகளாகிவிட்டோம். இப்போது உன் நம்பருக்கு அடித்தால் அத்தான் எடுத்து, "சொல்லும்மா" என்கிறார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உன் மகள் தர்ஷினி நம் ஊருக்கு வந்து படிக்கலாமா என்று யோசிக்கிறாள். எந்தக் கல்லூரி தெரியுமா? நீ படித்த அதே பெண்கள் கல்லூரி. நான் பதினான்கு வருடமாக ஆபீஸில் உட்கார்ந்து டி.சி. எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதே இடம். மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் காஞ்சிபுரத்தில் படிக்க ஆசை வரும் என்று யார் நினைத்தார்கள்?

"சித்தி, பசியாறிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள்? ஜீன்ஸ் போடலாமா? இந்த டிகிரியை மலேசியாவில் ஏற்றுக்கொள்வார்களா? நான் எதையும் மறைக்கவில்லை. ஆறு மணிக்குக் கேட் மூடிவிடும், ஜீன்ஸ் கூடாது, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். வேறு பெண்ணாக இருந்தால் ஓடிப்போயிருப்பாள். இவள், "அம்மாவும் இப்படித்தான் இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் பிரின்சிபால் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கல்லூரிக்கு உத்திரமேரூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், தூரம் என்றால் திண்டிவனம். வெளிநாட்டிலிருந்து ஒருத்தி என்றதும் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கிற அளவுக்குப் போய்விட்டார். சூப்பிரண்டெண்ட் சார் மட்டும், "ஏம்மா, மலேசியாவுல காலேஜே இல்லியா?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார். விண்ணப்பத்தில் தாலுகா என்று ஒரு கட்டம் இருக்கிறது. கிள்ளானுக்கு அதில் என்ன எழுதுவது என்று ஆபீஸில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

எனக்கும் ஆசைதான், அக்கா. நான் பெரிய மனசுக்காரி போல நடிக்கப்போவதில்லை. பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவள் வீடியோ காலில் பேசும்போது புருவத்தைத் தூக்கினால் நீ தூக்குகிற மாதிரியே இருக்கிறது. ஹாஸ்டல் வேண்டாம், நம் வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டேன். மாடி அறையில் கிடந்த பட்டு மூட்டைகளை என் வீட்டுக்காரரை விட்டுக் கீழே இறக்கினேன். ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று. அவள் விண்ணப்பமே இன்னும் அனுப்பவில்லை, அதற்குள் நான் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் எழுதிய அந்தப் பக்கம் வந்தது.

ஏன் இந்தக் கல்லூரிக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் மேடம். தர்ஷினி தமிழிலேயே எழுதி, தப்பு இருந்தால் திருத்துங்கள் சித்தி என்று எனக்கு முதலில் அனுப்பினாள். நல்ல தமிழ். அங்கே தமிழ்ப்பள்ளியில் போட்டுப் படிக்கவைத்தாயே, அது வீண்போகவில்லை. அதில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "என் அம்மா இந்தக் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தபோது, தறி வேலைக்காக என் தாத்தா அம்மாவைப் பரீட்சை எழுத விடாமல் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அம்மா முடிக்காததை நான் முடிக்க வருகிறேன்."

மதியச் சாப்பாட்டு நேரம் அது. டப்பாவைத் திறந்த கையோடு மூடி வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை உனக்கு மட்டும் எழுதி அலமாரியில் வைத்திருக்கலாம். ஆனால் அப்பா ஒரு கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீயோ வேறு ஒரு கதையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் உன் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டுமே நடந்தது இல்லை என்று நேரில் இருந்து தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எல்லோரும் படிக்கட்டும்.

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பதிமூன்று வயது. தெருவில் நம் பாவை, தறியில் ஏற்றுகிற நெடுக்கு இழைகளை, நீட்டியிருந்தோம், ஒரு கல்யாண வீட்டின் முகூர்த்தப் புடவைகளுக்கான அரக்குப் பாவு. தெரு நீளத்துக்கு இழை இழையாகக் கட்டி, கஞ்சி தெளித்து, ஈரம் போகக் காத்திருந்த நேரம். அந்த நிலையில் மழை விழுந்தால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சாயம் இறங்கும், ஒரு மாத வேலை போய்விடும். நீ நீலச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, ஹால் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாய். ஏனாத்தூர்ப் பக்கமிருந்து மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

தெருவில் அன்று மூன்று பாவு. அவரவர் பாவைக் காப்பாற்ற அவரவர் ஓடினார்கள். பாவைச் சுருட்ட இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், ஒரே இழுப்பில் நடந்து வர வேண்டும், எனக்கோ அந்த இழுப்புத் தெரியாது. பக்கத்து வீட்டு மாமா, "பெரியவள கூப்புடேன்பா, பஸ் வந்துருக்காது" என்றார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா, அக்கா? "பொண்ணுக்குப் பரீட்சை இருக்குது. அவள யாரும் கூப்புடக் கூடாது. பாவு போனா போவுது."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயம் வந்தது, அது உண்மை. நீ மடிப்புக் கலையாத சேலையில் போகிறாய், நான் முழங்கை வரை கஞ்சியோடு நிற்கிறேன் என்ற எரிச்சலும் இருந்தது, அதுவும் உண்மைதான். பஸ் ஸ்டாப்பில் உன் கையைப் பிடித்து, "அக்கா, அப்பா உன்ன உடனே வரச் சொன்னாரு" என்றேன். நீ ஒரு நிமிடம் பஸ் வருகிற திசையைப் பார்த்தாய். அப்புறம் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என்னை முந்திக்கொண்டு நடந்தாய்.

நீ வந்து ஒரு முனையை எடுத்தபோது அப்பா மறுமுனையில் இருந்தார், தெருவின் அந்தக் கோடியில். அவர் ஏதோ கத்தினார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மளமளவென்று சுருட்டினீர்கள். முடிக்கும்போது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் பரீட்சைக்கு உள்ளே விட மாட்டார்கள். முனையைக் கட்டிவிட்டு நீ அப்பா பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்குள் போய்விட்டாய். மழையாவது பெய்ததா? நாலு தூறல். மேகம் அப்படியே ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்றில் கொட்டியது.

அன்று சாயங்காலம் அப்பா டீக்கடை வாசலில் எல்லோரிடமும் சொன்னார். "எம் பொண்ணு பரீட்சையக்கூட வுட்டுட்டு ஓடியாந்துச்சுப்பா. யாரும் கூப்புடல. தானா ஓடியாந்துச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. நீ கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுவிட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம், "பாத்தியாடி, ஆள் வுட்டுக் கூப்ட்டுட்டு யாரும் கூப்புடலன்றாரு. ஊருக்கு முன்னால நல்லவரு வேஷம் போட்டுக்கினு இருக்காரு" என்றாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு நீ அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அரியர் கட்டு என்று அப்பா எத்தனை தடவை சொன்னார்! "யாருக்காக எழுதணும்?" என்று கேட்டுவிட்டாய். மலேசிய வரன் வந்ததும் முகம் பார்க்காமலே சரி என்றாய். தூரமாகப் போனால் போதும் என்று இருந்தாய். அப்பா சாகிற வரை உன்னைப் பற்றிப் பெருமை பேசினார். நீ சாகிற வரை அவரைப் பற்றிப் பேசவே இல்லை. நடுவில் நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இல்லையா?

அப்பா போனபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். போன வருடம், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு, வீடியோ காலில் நீயே கேட்டாய். முடியெல்லாம் கொட்டி, குரல் மட்டும் அப்படியே இருந்தது. "சுமதி, அப்பா போனப்ப நான் வந்துருக்கணுமா? நீ சொல்லு." நான் என்ன சொன்னேன்? "தூங்குக்கா, அப்புறம் பேசலாம்" என்றேன். உடம்பு முடியாதவளிடம் எதற்கு என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் நீ இல்லை.

தர்ஷினியின் பக்கத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியை விட்டு எழாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கம்முனு இரு. இத்தன வருஷம் சும்மா இருந்துக்கினு இப்ப எதுக்கு சொல்ற? அந்தப் பொண்ணு உன்ன நம்பித்தான் வருது. சொன்னா வராது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான்கு நாள் கம்மென்றுதான் இருந்தேன். அந்த மூன்றாவது வரியைத் திருத்தாமல் திருப்பி அனுப்பக்கூடப் பார்த்தேன். அனுப்பினால் அது கல்லூரி ஃபைலில் போய் உட்காரும். என் கையால் எண் போட்டு, என் கையால் கட்டி வைக்கிற ஃபைல். பெண்ணின் படிப்பைக் கெடுத்த மனுஷன் என்று அப்பா அதற்குள் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப், மேகம், அப்பா சொன்ன வார்த்தை, நான் சொன்ன பொய், கடைசியாக நீ கேட்ட கேள்வி வரைக்கும்.

"அம்மா இது தெரியாமலே போய்ட்டாங்களா சித்தி?"

"ஆமாம்மா."

அப்புறம் சொன்னாள்: "தாத்தா போன் பண்ணுவாரு. அம்மா என் கையில போனக் குடுத்துட்டு, குளிக்கிறேன்னு சொல்லுன்னு சொல்வாங்க. நானும் சொல்வேன். எப்ப பாரு ஒங்கம்மா குளிச்சிக்கினே இருக்காளேன்னு தாத்தா சிரிப்பாரு."

அதோடு வைத்துவிட்டாள்.

பதினோரு நாள் ஒரு மெசேஜும் இல்லை. பசியாறினீர்களா என்று கேட்க ஆளில்லை. ஆபீஸில் மேடம், "என்ன சுமதி, உங்க பொண்ணு ஃபார்ம் வரலியே, லாஸ்ட் டேட் நெருங்குதே" என்றார். நெட் சரியில்லையாம் மேடம் என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயின் லட்சணம் எனக்கே உறைத்தது.

நேற்று அனுப்பியிருந்தாள். "அந்தப் பக்கத்த அழிச்சிட்டேன் சித்தி. வேற எழுதணுமா, வரணுமா, எதுவும் தெரியல. ஒங்க மேல கோபமா இருக்கு. தாத்தா போட்டோ ஒன்னு அனுப்புங்க. எங்க வீட்ல ஒன்னுகூட இல்ல." அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அவள் வருவாளா, அக்கா? உனக்காவது தெரியுமா?

வராமல் போனால் அது எனக்குத் தகும். கட்டில் கிடந்துவிட்டுப் போகட்டும். வந்தால் சோறு போடுவேன், எது கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். இந்த வருடம் அப்பாவின் திதிக்குத் தெருவில் இருக்கிற பழைய ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். சாப்பாடு போடுவதற்கு முன்னால் நானே நின்று சொல்லப்போகிறேன். அப்பா மேல் சத்தியமாகச் சொல்வேன், அக்கா. இந்தத் தடவை அப்புறம் பேசலாம் என்று தள்ள மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: வந்திருக்க வேண்டும். நீ வராததற்குக் காரணம் நான். போனவர்கள் அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்றால், நீ அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாய் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தக் கோபத்தை எல்லாம் எடுத்து என் மேல் வை, நான் தாங்கிக்கொள்கிறேன். அவர் உன்னைக் கூப்பிடவே இல்லை. நீ போய் அவரிடம் பேசு, அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்