இரண்டு முறை அடித்த கடவுச்சொல்

ஜூன் 3, திங்கள்

பெருங்குடி ஆபீசிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். அண்ணன் கதிரேசன் தினமும் என் போனையும் லேப்டாப்பையும் திறந்து பார்க்கிறான். "அப்பா இருந்தா பார்க்க மாட்டாரா?" என்கிறான். அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது.

கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளி மாலை ஐந்துக்குள் சான்றிதழ் நகல்களை அனுப்ப வேண்டும். அசல்கள் பீரோவில். சாவி அண்ணி தேவானையின் இடுப்பில், உத்தரவு அண்ணனுடையது. நல்லவேளை, போன மாதம் வெளியே எடுத்தபோது போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களையும் இந்த நாட்குறிப்பையும் ஒரே கோப்பாகக் கட்டிப் பூட்டப் போகிறேன். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, இரண்டு முறை கடவுச்சொல், அவ்வளவுதான். நேற்றே ஒத்திகை பார்த்தாயிற்று. பிறகு மற்றதையெல்லாம் அழித்துவிட வேண்டும்.

ஜூன் 4

"இது இன்னா ஃபைலு மணி, தொறக்கவே மாட்டேங்குது?"

"ஆபீசுதுண்ணா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

எனக்கும் திறக்கவில்லை.

கடவுச்சொல் தவறாம். அம்மா பெயர், பழைய வீட்டு எண் — மறக்கிற சொல்லா அது? நாற்பது முறை அடித்துப் பார்த்தேன். அந்தத் திரையில் அடிப்பது தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. பழைய நாட்குறிப்பும் உள்ளேதான் கிடக்கிறது. இது புதுக் கோப்பு, வெறும் எண்களைப் போட்டுப் பூட்டுகிறேன். பீரோவுக்காவது ஒரு சாவி உண்டு.

சாப்பிடும்போது வெளியூர் வேலை என்று மெல்லப் பேச்செடுத்தேன்.

"கோயமுத்தூர்ல இன்னா கீது? ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வராங்க. பொடவ எட்த்து வை."

யாருகிட்ட போய்ச் சொல்றது? அண்ணி ரசம் ஊத்திட்டு என்னையே பாத்தா.

ஜூன் 7, வெள்ளி, அலுவலகம்

மணி மூன்றரை. புலம்பவாவது செய்வோம் என்று இதைத் திறந்து, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினேன். அப்போதுதான் உறைத்தது. திங்களன்று எழுதி முடித்த கையோடு பூட்டினேன். கட்டளையை நான் அடிக்கவே இல்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினேன், ஒத்திகையில் அடித்த வரி தானே வந்தது. ஆங்கிலத்துக்கு மாறவே இல்லை. ஆங்கிலம் என்று நினைத்து இரண்டு முறையும் தமிழில் அடித்திருக்கிறேன், முட்டாள்.

தமிழிலேயே வைத்து அதே விசைகளைத் தட்டினேன். திறந்தது. 4.20க்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 9

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள், கோயம்புத்தூர்

அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து, சனிக்கிழமை கிளம்பினேன். ஆபீஸ் என்றுதான் சொன்னேன். அண்ணி பையை வாங்கி, சப்பாத்திப் பொட்டலம் திணித்துத் தந்தாள். "பைய எங்கயும் வுட்டுடாத மணி" என்றாள்.

இன்று சேரும்போது அசல் கேட்பார்கள், என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். விடுதியில் பையைக் கொட்டினால், பொட்டலத்துக்கு அடியில் பச்சை ஃபைல். எல்லாம் அசல்.

இன்று இதைப் பூட்டவில்லை. இங்கே யார் படிக்கப் போகிறார்கள்?

அண்ணன் இதற்குள் பீரோவைத் திறந்து பார்த்திருப்பான். சாவி அண்ணி இடுப்பில்தானே இருந்தது.