பீங்கான் சட்டியில் நீ விட்டுப்போன தங்கம்

என் பிரியத்துக்குரிய தம்பி முருகேசு,

நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கம்பளையில் என் பழைய பித்தளைக் கடை திறந்துதான் இருக்கிறது. காலையில் கதவுப் பலகைகளைக் கழற்றுகிறேன், மாலையில் மாட்டுகிறேன். இடையில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிவதில்லை.

உனக்குத்தான் எழுதுகிறேன். என்றாலும் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாம் தொடங்கிய வேலையை இன்னும் யாராவது எங்காவது தொடங்கக்கூடும். அவர்களும் வாசிக்கட்டும்.

கண்டி நகைப் பட்டறைக்குச் செம்பு வாங்க வருகிற வேலையாளாகத்தான் உன்னை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்கு 'நானா' என்றுதான் என்னைக் கூப்பிடுவாய். பஞ்சம் வந்து, நகை செய்யச் சொல்வார் இல்லாமல் பட்டறை உன்னை நிறுத்திய பிறகு, ஒரு சாக்கு மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கினாய். மூட்டையை அவிழ்த்தால் கரித்தூள், மயிர், விளக்குமாற்றுக் குச்சி.

"என்ன தம்பி, எனக்குக் குப்பையக் கொணந்து காட்டுற?"

"பட்டறைத் தரையைக் கூட்டுன குப்பைங்க நானா. அராவுறப்ப தெறிக்கிற தங்கமெல்லாம் இதுலதான் விழுகுது. அடுப்பு வைக்க ஒரு எடம் மட்டும் குடுங்க."

பிறர் கழித்ததை வாங்கிப் பிழைக்கிறவன் நான். எப்படி மாட்டேன் என்பேன்? கடைக்குப் பின்னால் இருந்த கொட்டிலை ஒழித்துக் கொடுத்தேன்.

கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நீயும் அலவத்துகொடையில் பிறந்த நானும் அங்கே ஒரே இரும்புச் சட்டியைக் கிண்டினோம். குப்பையைச் சாம்பலாகும்வரை எரித்தோம். இடித்துச் சலித்தோம். இரும்புத் தூளைக் காந்தம் எடுத்தது, மண்ணைத் தண்ணீர் கொண்டுபோனது. அடியில் தங்கிய கனமான பொடியை வெண்காரம் போட்டு மூசைக் கிண்ணத்தில் உருக்கினாய். மங்கலாக ஒரு கட்டி வந்தது. என் முகம் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தாய்.

"செம்பும் வெள்ளியும் கலந்து கெடக்கு நானா. வெள்ளி கூடுனாத்தான் திராவகம் உள்ள எறங்கும். இன்னும் வெள்ளி சேர்த்து உருக்கித் திராவகத்துல காய்ச்சுனா மத்ததெல்லாம் கரைஞ்சுரும். தங்கம் மட்டும் அடியில நிக்கும். சேறு மாதிரித்தான் இருக்கும், ஏமாந்து கொட்டிராதீங்க."

பீங்கான் சட்டியில் திராவகம் காய்ச்சிய அன்று மழை சாய்த்து அடித்தது. அதற்காக முற்றத்தில் மூட்டியிருந்த அடுப்பைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய், சாரல் விழாமல் கதவைச் சாத்திக்கொண்டாய். கடையில் நின்ற எனக்குத் தகரக் கதவின் இடுக்கு வழியாகச் செம்பழுப்புப் புகை தெரிந்தது. நீ இருமிக்கொண்டு வெளியே வந்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல நானா, தொண்டை கொஞ்சம் கரகரங்குது" என்றாய். என் மனைவி தந்த தேத்தண்ணியைக் குடித்தாய். நடந்துதான் வீட்டுக்குப் போனாய்.

மறுநாள் உன்னை வண்டியில் ஏற்றினோம். மூச்சு உள்ளே போகவில்லை. நீ போய்விட்டாய் என்றும், அந்தப் புகை நெஞ்சில் தங்கி மெதுவாகத்தான் கொல்லும் என்றும் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்ததையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அழுகை அப்போதும் வரவில்லை, சுடுகாட்டிலும் வரவில்லை. எங்கே போயிற்று அது? உனக்குத் தெரியுமா?

உன் கருமாதி முடிந்து சில நாளில் உன் மனைவி பாக்கியம் கடைக்கு வந்தாள். கொட்டில் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் கையை நீட்டினாள்.

"அந்தச் சட்டியக் கொண்டுபோய் ஆத்துல கொட்டுங்க நானா. அவரு மூச்சப் புடுங்குனது எனக்கு வேணாம்."

பீங்கான் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தாள். மகாவலிக் கரையில் குனிந்தபோது, "அதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டாள்.

"முருகேசுட தங்கம்."

எட்டிப் பார்த்தாள். நீலத் தண்ணீர். அடியில் பழுப்பாக ஒரு படிவு.

"சேறுல்ல கெடக்கு?"

"தங்கம் இப்பிடித்தான் ஈக்கும் எண்டு அவன்தான் சென்ன. எனக்கும் தெரியா."

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப கொட்டாதீங்க. சேத்துக்காகச் செத்தாரா, தங்கத்துக்காகச் செத்தாரான்னு எனக்குத் தெரியணும்."

திரும்பி வந்தோம். நீலத் தண்ணீரை வேறு சாடியில் தெளிவாக இறுத்து ஊற்றினேன். கரைந்த வெள்ளியும் அதில்தான் இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தாயே. படிவைத் திரும்பத் திரும்பக் கழுவி உலர்த்தினேன். முற்றத்தில், திறந்த வெளியில் அடுப்பு மூட்டினேன். பாக்கியம் துருத்தி ஊதினாள். என் மனைவி உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூசைக்குள் பழுப்பு சிவந்தது. சிவந்தது ஒன்றாய்த் திரண்டது. ஆறிய பிறகு இடுக்கியால் எடுத்துப் பலகையில் வைத்தேன்.

மஞ்சள், தம்பி. சுத்தமான மஞ்சள். உன் பழைய பட்டறைக்காரர் பின்பு உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார்.

நான் சந்தோஷப்படவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். பாக்கியமும் அப்படித்தான். "சரி. அவரு சொன்னது சரிதான்" என்றாள். எழுந்து உன் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தப் பொன்னை அவள் கையில் கொடுத்தேன். பிள்ளைக்குக் காதுக்குச் செய்யட்டும், இல்லை விற்றுச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அவள் திருப்பித் தந்தாள்.

"இத வித்து, பொகை போக உசரமா ஒரு கூண்டு கட்டுங்க. வேலைய நான் செய்றேன். கொழுந்து பறிக்கத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகமாட்டேன்."

"ஏலுமா தங்கச்சி? பயமில்லையா?"

"பயந்தான். அதான் கூண்டு கேக்குறேன்."

செங்கல்லால் கட்டினோம். கொட்டிலின் மூன்று பக்கச் சுவரையும் இடித்துத் தூணில் கூரையை நிறுத்தினோம். கண்டிப் பட்டறைகளுக்கு இப்போது அவளே போகிறாள். உன் பெயரைச் சொன்னால் குப்பையைப் பேரம் பேசாமல் கட்டிக் கொடுக்கிறார்களாம்.

போன கிழமை முதல் தடவையாகப் புதுக் கூண்டின் கீழ் காய்ச்சினோம். திராவகம் பட்டதும் அதே செம்பழுப்புப் புகை எழும்பியது. புகை கூண்டுக்குள் ஏறி, கூரைக்கு மேலே போய், மலைப்பக்கம் கலைந்தது. பாக்கியம் முற்றத்தின் அந்தக் கோடியில் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ தங்கச்சி, தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

"இருங்க நானா. முழுசும் போகட்டும்."

அப்போதுதான், முருகேசு, எனக்கு அழுகை வந்தது. பித்தளைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

என் உடம்பில் உயிர் உள்ளமட்டும் அந்தக் கொட்டிலுக்கு இன்னொரு சுவர் எழும்பாது. இடி விழுந்தாலும், வெள்ளம் வந்தாலும், மூடிய அறைக்குள் இங்கே எவரும் திராவகம் காய்ச்சமாட்டார்கள். அல்லாஹ் சாட்சியாக இது உனக்கு நான் தருகிற வாக்கு.

வேறு வயிற்றில் பிறந்த உன் அண்ணன்,
காசிம் நானா