மடியில் அரிசிச் சிப்பம்

ஞாயிறு, இரவு

அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டான். அடுத்த பந்தயத்தில் நான்தான் ஓட்டுவேன் என்று அவனே சொல்லியிருந்தான்.

மாலையில் வீட்டு வாசலில் ரேஸ் காரின் முன்சக்கரங்களை நேர் செய்தோம். ஓட்டுகிறவரின் எடை சீட்டில் இருந்தால்தான் சஸ்பென்ஷன் சரியாக இறங்கும், அளவும் சரியாக வரும். அதனால் நான் ஏறி உட்கார்ந்தேன். சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவன் காரின் இரு பக்கமும் நூல் கட்டினான். பிறகு சமையலறையிலிருந்து அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தான்.

"இது எதுக்குண்ணே?"

"என் வெயிட் வரணும்ல பிள்ள."

ஓட்டப்போவது அவன் என்று அப்போதுதான் புரிந்தது. எழப் பார்த்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார்.

"அசையாம இரு தாயி. அய்யலூர் சந்தைக்குப் போற ஆடுகூட இம்புட்டுத் துள்ளாது."

மகளிர் தினத்தன்று பள்ளி மேடையில் முழங்குகிற வாத்தியார் இவர்தான்.

என் தொடை மரத்துப்போனது. அண்ணன் காருக்கடியில் படுத்து ஸ்டியரிங் ராடைத் திருகினான். "ஸ்டியரிங்கை லேசா இடது பக்கம் ஒடி" என்றான்.

நான் ஒடிக்கவில்லை. "சிப்பத்தை எடு. என் வெயிட்டுக்கு செட் பண்ணு" என்றேன்.

மறுபடியும் சொன்னேன். ஸ்பேனர் சத்தம் நிற்கவே இல்லை.